அச்சேறிய சுரைக்காய்

வெதர்லி துரை சொல்லச் சொல்ல
எழுதிக்கொண்டேன்.
டைட்டஸ். வயது முப்பதுக்குள்.
காம்பியா ஆற்றுப் பக்கம் பிறந்தவன்.
இடக்கன்னத்தில் மூன்று கீறல்.
ஓடியபோது போட்டிருந்தது பழுப்புச் சட்டை,
இன்னொருவனுடைய பூட்ஸ்.
வலக்கை ஆள்காட்டி விரலில்
நகத்தை வெட்டாமல் வளர்த்திருப்பான்.
பிடித்துத் தருவோருக்கு நாற்பது ஷில்லிங்.

கதவு வரை போனவர் திரும்பினார்:
"பாஞ்சோ நன்றாக வாசிப்பான். ஹெஸ்டர், அதையும் போடு.
அது இல்லாமல் அவனால் இருக்க முடியாது."

எப்படி எழுதுவது என்று கேட்டேன்.
பாஞ்சர் என்றார்.
அவருடைய கணக்கப்பிள்ளை பான்ஸா என்றான்.
செசபீக் துறையில் பாஞ்சில் என்றும் காதில் விழுந்திருக்கிறது.
எங்கள் கடை அகராதியில்
நாடுகடத்து என்ற சொல்லுக்கும்
கரை என்ற சொல்லுக்கும் நடுவில்
அது இருந்திருக்க வேண்டும்.
இல்லை.

ஆனால் அதைக் கேட்டிருக்கிறேன்,
ஒரு ஞாயிறு மாலை, புகையிலைப் பீப்பாய்களுக்குப் பின்னால்.
வேலியில் காய்த்த சுரைக்காய்,
குடலை வழித்துக் காயவைத்தது.
வெட்டிய வாயில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல்.
வயிற்றை ஊடுருவி வெளியேறும் ஒரு கம்பு.
நீண்ட நரம்பு மூன்று,
குட்டை ஒன்று.
குட்டை எந்த மெட்டுக்கும் வளைந்து கொடுக்காது.
கட்டைவிரல் திரும்பத் திரும்பத் தொட
ஒரே சொல்லைச் சொல்லும்,
வாசலில் நின்று கடனைக் கேட்பவன் மாதிரி.

கப்பலில் யாரும் அதை ஏற்றிவரவில்லை.
வெறுங்கையோடுதான் இறக்கினார்கள்,
பல்லைப் பார்த்து, எடையைக் குறித்து.
கைக்குள் இருந்ததை எவரும் சோதிக்கவில்லை.
இந்த மண்ணிலும் சுரை காய்க்கிறது என்று
அவர்களில் முதலில் கண்டது யாரோ.

இரவு, கொழுப்பு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
எழுத்துக் கோக்க உட்கார்ந்தேன்.
வலக்கை பெட்டியில் பொறுக்கும்.
இடக்கைக் கட்டைவிரல்
வரி சரியாமல் அழுத்திப் பிடிக்கும்.
மேலே மரக்கட்டைப் படம்:
தோள்கோலில் மூட்டையோடு ஓடும் ஒருவன்.
எங்களிடம் ஒரே கட்டை.
ஓடிய எல்லோருக்கும் அவன்தான்.
தேய்ந்து தேய்ந்து இப்போது முகத்தில் மை மட்டும்.

ஜே எழுத்து தீர்ந்துவிட்டது என்று
முதலாளி கேட்டால் சொல்ல வைத்திருந்தேன்.
தீரவில்லை.
ஜே யாருக்கும் அதிகம் தேவைப்படுவதில்லை,
அறை நிறையக் கிடந்தது.
"ஃபிடில் நன்றாக வாசிப்பான்"
என்று கோத்தேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி.
அச்சேறிய சுரைக்காய்
ஆளைக் கயிற்றோடு கொண்டுவந்து நிறுத்தும்.
அதனால்தான் பறித்தெடுத்தேன்.

துணிச்சல் என்று இதைச் சொல்லமாட்டேன்.
அதே வாரம் வேறு ஐந்து பேரின் விளம்பரங்களை
ஓரெழுத்தும் பிசகாமல் கோத்திருக்கிறேன்.
ஒருத்தி கையில் பால்குடிக் குழந்தையோடு ஓடியவள்.

மூன்று வாரம் வெளிவந்தது.
நான்காம் வாரத்துக்கு வெதர்லி பணம் அனுப்பவில்லை.
விளம்பரம் நின்றுபோக
இரண்டு காரணங்கள் உண்டு.
எது என்று கடையில் கேட்கும் வழக்கம் இல்லை.

பனி உருகிய பிறகு
துறையில் மீன் வாங்கப் போனேன்.
விற்பவள் பெயர் மிண்டா.
கூட்டம் கலைந்ததும்
கூடைக்கு அடியிலிருந்து எடுத்தாள்,
தோல் போர்த்திய சுரைக்காயை.
மடியில் சாய்த்தாள்.

கிள்ளி மீட்டுவாள் என்று நினைத்திருந்தேன்.
இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்திருந்தேன்;
பீப்பாய்களுக்கு இந்தப் பக்கம் நின்று
கேட்டவள்தானே, பார்த்தவள் இல்லையே.

அவள் கிள்ளவில்லை.
ஆள்காட்டி விரலை மடக்கி
மேலிருந்து கீழே
நகத்தால் நரம்பைத் தட்டினாள்.
நீண்ட நகம்.
வெட்டாமல் வளர்த்த நகம்.

கையிலிருந்த கெளுத்தி நழுவியது.

அந்த வரியை
நான் ஒரு பிழையும் இல்லாமல் கோத்திருந்தேன்.